சேறு தெரியும் மாதங்கள்

மரங்களில் ஓர் இலைகூடப் பழுக்காத ஜூலை மாதத்திலேயே, வடகோளத்தின் நீர்நிலைகளில் இலையுதிர்கால வலசை தொடங்கிவிடும். கூட்டைப் பறிகொடுத்த பறவைகளும், இனச்சேர்க்கையோடு வேலை முடிந்துபோன ஆண்களும் முதலில் வந்து சேரும். ஆகஸ்டில் வரத்து கூடும். ஏரிகளில் நீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பிக்கும் சமயமும் அதுதான். செப்டம்பர் வந்துவிட்டால் எனக்கு வேறு எதிலும் மனசு நிற்பதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, ராத்திரி மழை பெய்ததா, நீர்மட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது, இதுதான் நாள் முழுக்க யோசனை.

வசந்த வலசையை விரும்புகிறவர்கள் நிறைய. அப்போது பறவைகள் புது இறகோடு, நல்ல நிறத்தோடு இருக்கும், பாடவும் செய்யும். ஆனால் அவற்றுக்கு அவசரம். கூடு கட்டும் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் சில வாரங்களுக்குள் எல்லாம் கடந்துபோய்விடும். இலையுதிர் காலம் அப்படியில்லை. ஜூலை தொடங்கி நவம்பர் வரை நீளும். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளும் சேர்ந்துகொள்வதால் எண்ணிக்கையும் அதிகம். இரை கிடைக்கும் இடத்தில் பறவைகள் ஒரு வாரம், பத்து நாள் என்று தங்கிக் கொழுப்பு ஏற்றிக்கொண்டு போகும். நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது.

இந்த மாதங்களில்தான் எதிர்பாராத பறவைகளும் நீர்நிலைகளில் வந்து இறங்கும். வரைபடத்தின்படி அங்கே இருக்கவே கூடாத ஓர் உள்ளான் (சேற்றில் மேயும் சிறு கரைப்பறவை), ஒரு வாத்து, நாணலுக்குள் ஒளியும் ஒரு கானாங்கோழி. அதைப் பார்ப்பதை அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் அங்கே இருப்பது முதல் பயணத்தில் இருக்கும் ஓர் இளம்பறவை. அதை ஒரு காற்று தள்ளியிருக்கிறது, இறங்கி இரை தேடக் கொஞ்சம் சேறு இடம் கொடுத்திருக்கிறது. அப்புறம், அந்தச் சேற்றில் வழக்கமாக மேயும் பறவைகளை நன்றாகத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு அங்கே நின்றிருக்கிறார்.

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பம் போன்ற, மரமே வளராத தூந்திரக் குளிர்நிலங்களில் கூடு கட்டும் பறவை. ஆண் அடைகாப்பதில்லை, ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததும் பெண்ணும் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் கடைசியாக, ஆகஸ்டில், தாய் தகப்பன் துணையில்லாமல் தாமாகவே கிளம்புகின்றன. பிறந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. எந்தத் திசையில் பறக்க வேண்டும், ஏறக்குறைய எவ்வளவு காலம் பறக்க வேண்டும் என்ற உந்துதல் மட்டும் பிறவியிலேயே உடம்பில் இருக்கிறது.

இதை அழகாகக் காட்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் 1950களில் செய்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரப் பகுதியில் வலசை வந்துகொண்டிருந்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் (மைனா குடும்பம்) பறவைகளைப் பிடித்து, வளையம் மாட்டி, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை பயணம் செய்து பழகிய வளர்ந்த பறவைகள், தாங்கள் இடம் மாறியிருப்பதைச் சரிசெய்துகொண்டு வடமேற்கே திரும்பி வழக்கமான குளிர்கால இடங்களை நோக்கிப் போயின. இளசுகள் அப்படிச் செய்யவில்லை. ஹேக்கிலிருந்து எந்தத் திசையில் பறந்திருக்குமோ அதே திசையில் சுவிட்சர்லாந்திலிருந்தும் பறந்து, தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. அவற்றில் சில, அடுத்தடுத்த குளிர்காலங்களிலும் அதே ஸ்பெயினுக்கே திரும்பிப் போயிருக்கின்றன. வழி மாறிப் போய்ச் சேர்ந்த இடமே அவற்றின் இடமாகிவிட்டது. இதைப் படித்த பிறகு, ‘வழி தவறிய பறவை’ என்று யாராவது பரிதாபமாகச் சொன்னால் என்னால் முழுதாக ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

இளம்பறவை என்றால் சோதா என்று அர்த்தமில்லை. 2022 அக்டோபரில், அலாஸ்காவில் பிறந்து சுமார் ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, செயற்கைக்கோள் ட்ரான்ஸ்மிட்டரோடு கிளம்பி, பசிபிக் பெருங்கடலுக்கு மேலே 11 நாள் எங்கும் இறங்காமல் பறந்து டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் இறங்கியது. தூரம் ஏறக்குறைய 13,560 கி.மீ. தண்ணீரில் இறங்கி ஓய்வெடுக்கும் வசதியும் அதற்குக் கிடையாது. பாதத்தில் வாத்துக்கு இருப்பதுபோல் முழுச் சவ்வு இல்லை. கிளம்புவதற்கு முன் இந்தப் பறவைகள் தின்று தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்கின்றன. வழியில் தேவைப்படாத இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வலிமையில் குறை ஏதும் கிடையாது. குறைவது அனுபவம் மட்டும்தான். பக்கக் காற்று ஒன்று இரண்டு நாள் தொடர்ந்து தள்ளினால், அதை ஈடுகட்டத் தெரியாது.

இளசுகளைப் பக்கத்தில் பார்க்கக் கிடைப்பதும் இந்தக் காலத்தில்தான். தூந்திரத்தில் பிறந்த குஞ்சு பல சமயம் மனிதனையே பார்த்திருக்காது. கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் மேய்ந்துகொண்டே நாலைந்து அடி தூரத்துக்கு வந்துவிடும். அப்படி வந்த ஓர் இளம் வளைமூக்கு உள்ளானை, காலை வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருக்க, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதுகிலும் சிறகிலும் உள்ள ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய விளிம்பு; அந்த விளிம்புக்கு உட்புறம் ஒட்டினாற்போல் மெல்லிய கருங்கோடு. எல்லா இறகும் ஒரே சமயத்தில் முளைத்தவை என்பதால் ஒன்றுகூடத் தேயாமல், செதில் அடுக்கியதுபோல ஒழுங்காக இருக்கும். மார்பில் லேசான பழுப்பு மஞ்சள் பூச்சு. கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை. அலகு நீளமாக, நுனிவரை ஒரே சீராக வளைந்திருந்தது. அதைத் தலை நனையும் அளவுக்குச் சேற்றில் செலுத்தி, உருவி எடுத்து, சிவப்பான புழு ஒன்றை விழுங்கிவிட்டு, அடுத்த அடி வைக்கும். அந்த நேரத்தில் அதே சேற்றில் நின்ற வளர்ந்த பறவை ஒன்றின் இறகெல்லாம் நுனி தேய்ந்து, வயிற்றில் செங்கல் நிறம் அங்கங்கே திட்டாக மிச்சமிருந்தது. இரண்டும் ஒரே இனம் என்று முதன்முதலாகப் பார்ப்பவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணில் ஏற்றிக்கொள்வதுதான் என்னைப் பொறுத்தவரை இலையுதிர்காலப் பறவை பார்த்தலின் பாதி வேலை. அபூர்வப் பறவையின் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து உபயோகமில்லை. கொசு உள்ளானைத் தெரிந்திருக்க வேண்டும்: அது எப்படி நடக்கிறது, எப்படிக் கொத்துகிறது, ஆகஸ்டில் எப்படி இருக்கிறது, அக்டோபரில் எப்படி மாறுகிறது, முதுகில் உள்ள வெள்ளை ‘வி’ எந்த வெளிச்சத்தில் தெரிகிறது. அது நன்றாகப் பழகிவிட்டால், அந்தக் கூட்டத்துக்குள் நடை கொஞ்சம் வேறாக இருக்கும் ஒன்று தானாகக் கண்ணை இழுக்கும். பெயர் பிறகு வரும். முதலில் வருவது ‘இது அவன் இல்லை’ என்ற உணர்வுதான்.

தூந்திரத்தில் என்ன நடந்தது என்பதும் இந்தச் சேற்றோரத்திலேயே தெரிந்துவிடும். அங்கே லெம்மிங் என்ற எலி இனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும், பிறகு சரிந்துவிடும். பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிகளுக்கு வயிறு நிறைந்துவிடுவதால் உள்ளான் கூடுகள் தப்பும். சரிந்த ஆண்டில் நரிகளின் கவனம் முட்டைகள் பக்கமும் குஞ்சுகள் பக்கமும் திரும்பும். அந்த ஆண்டு செப்டம்பரில் வளைமூக்கு உள்ளான் கூட்டங்களில் இளசுகளைத் தேட வேண்டியிருக்கும். எத்தனையோ ஆயிரம் கி.மீ. தள்ளி ஒரு நரி என்ன தின்றது என்பதை ஒரு குளக்கரையில் நின்று ஊகிக்க முடிகிறது. எனக்கு இது எப்போதும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

சரி, காற்றுக்கு வருவோம். வட அமெரிக்காவின் வடகோடியில் கூடு கட்டும் கரைப்பறவைகள் பல, தென் அமெரிக்காவுக்குப் போகும்போது தரைவழியை விட்டுவிட்டு அட்லாண்டிக் கடலுக்கு மேலே நேராகத் தெற்கே பறக்கும். அந்தச் சமயத்தில் வேகமாக நகரும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்றில் மாட்டிக்கொண்டால், மேலைக்காற்று அவற்றைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விடும். அயர்லாந்து, பிரிட்டன், அசோர்ஸ் தீவுகளில் செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்க உள்ளான்கள் தென்படுவது இப்படித்தான். அசோர்ஸின் டெர்சேரா தீவில் கபோ தா பிராயா என்று ஓர் இடம் இருக்கிறது. பழைய கல்குவாரி. கடல்நீர் அடியில் கசிந்து வந்து ஏறி இறங்குவதால் அங்கே எப்போதும் ஆழமில்லாத நீரும் சேறும் இருக்கும். பெருங்கடலின் நடுவில், களைத்துப்போன பறவைக்கு இறங்க ஏற்ற அந்தச் சின்ன இடத்தில் ஐரோப்பாவின் வேறு பல இடங்களைவிட அதிகமாக அமெரிக்கக் கரைப்பறவைகள் கூடுகின்றன. யாரும் பறவைகளுக்காக அதை வெட்டவில்லை.

ஐரோப்பாவுக்கு அதிகமாக வரும் அமெரிக்கக் கரைப்பறவை பெக்டோரல் உள்ளான். இதன் கதை இன்னும் சுவாரசியமானது. இது அமெரிக்காவில் மட்டும் இல்லை, சைபீரியாவிலும் கூடு கட்டுகிறது. ஆகவே ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ ஒன்றைப் பார்த்தால், அது கடல் தாண்டி மேற்கிலிருந்து வந்ததா, நிலத்தின் வழியாகக் கிழக்கிலிருந்து வந்ததா என்று பறவையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றைய காற்றை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். அலைவதும் இதன் பிறவிக்குணம்போல. ஆண்களுக்கு ட்ரான்ஸ்மிட்டர் பொருத்தி 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே இனப்பெருக்கக் காலத்தில் ஒரு பறவை 24 இடங்கள் வரை போய்ப் பெண்களைத் தேடியிருப்பது தெரியவந்தது.

புயல் இன்னும் பெரிய ஆட்டம் காட்டும். 2023 ஆகஸ்ட் 30 அன்று இடாலியா என்ற புயல் ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. அதற்கு முன்பு அது யுகாடான் தீபகற்பத்துக்கும் கியூபாவுக்கும் நடுவே கடந்து வந்திருந்தது. பூநாரைகள் நிறைந்த பகுதி அது. அடுத்த சில நாட்களில் ஃபுளோரிடா தொடங்கி அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் பல மாநிலங்களில் பூநாரைகள் தென்பட ஆரம்பித்தன. ஒஹையோவில், பென்சில்வேனியாவில், செப்டம்பர் கடைசியில் விஸ்கான்சினில் மிச்சிகன் ஏரிக்கரையில்கூட ஒரு சின்னக் கூட்டம் நின்றது. உப்பங்கழியில் மேயும் வெப்பநாட்டுப் பறவை, குளிர்ந்த நன்னீர் ஏரியின் அலையில் கால் நனைத்து நிற்கும் அந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புயல் முடிந்த மறுநாள் உற்சாகமாகக் கிளம்பும்போது, அந்தப் பறவை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கொழுப்பெல்லாம் எரிந்து, மார்புத் தசையும் கரைந்து வந்திருக்கும். 2011 செப்டம்பரில், ஆய்வாளர்கள் ட்ரான்ஸ்மிட்டர் பொருத்தி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த இரண்டு சிறு கோட்டான்கள் (ஆந்தையல்ல, வளைந்த அலகுள்ள கரைப்பறவை) புயலைச் சமாளித்துக் கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் இறங்கின. அங்கே சுடப்பட்டன. காற்றையும் மழையையும் தாண்டி வந்த பறவைக்கு, கீழே இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் மிச்சமிருக்கும் ஆபத்து.

ஃபலரோப்பைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தும் நீந்துகிற பறவை. குளிர்காலத்தை நடுக்கடலில் கழிக்கும். இலையுதிர்காலக் காற்றில் ஒதுங்கி எப்போதாவது உள்நாட்டு ஏரியில் வந்து அமரும். அமர்ந்ததும் தன்னைத்தானே சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும்போது நீர் கீழிருந்து மேலே இழுக்கப்பட்டு, அடியில் இருக்கும் சின்னஞ்சிறு உயிர்கள் மேலே வரும். அவற்றைக் கொத்தும்போது, ஒரு துளி நீரோடு சேர்ந்து இரை அலகு நுனியில் ஒட்டிக்கொள்ளும். அலகைத் திறந்து மூடித் திறந்து மூடி, அந்தத் துளியை அலகின் வழியாக மேலே ஏற்றி வாய்க்குக் கொண்டுபோகும். உறிஞ்சுவதில்லை, நீரின் மேற்பரப்பு இழுவிசையே வேலையைச் செய்கிறது. ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் பார்த்தால் அலகின் படபடப்பு மட்டும்தான் தெரியும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் கூடு கட்டிய ஒரு செங்கழுத்து ஃபலரோப்புக்கு 2012-ல் மாட்டிய சிறு கருவி, அது அட்லாண்டிக்கைத் தாண்டி, கரீபியன் வழியாக, பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள பசிபிக் கடலில் குளிர்காலம் கழித்துத் திரும்பியதைக் காட்டியது. ஸ்காண்டிநேவியாவில் பிறக்கும் அதே இனப் பறவைகள் அரபிக் கடலுக்கு வருகின்றன.

கானாங்கோழி குடும்பம் வேறு ரகம். பகலில் நாணலை விட்டு அதிகம் வெளியே வராது. விரட்டினால் கால் தொங்க, விழப்போவதுபோல் பத்தடி பறந்து மறுபடி உள்ளே விழும். இது கண்டம் தாண்டும் என்று பார்த்தால் தோன்றவே தோன்றாது. ஆனால் இரவில் கிளம்பி நெடுந்தூரம் போகிற பறவைகள் இவை. காற்றில் மாட்டினால் போய்ச் சேருமிடத்துக்குக் கணக்கே இல்லை. அமெரிக்க ஊதாத் தாழைக்கோழி தெற்கு அட்லாண்டிக்கைத் தாண்டித் தென்னாப்பிரிக்காவில் மறுபடி மறுபடி இறங்கியிருக்கிறது. அதே கடலின் நடுவில், டிரிஸ்டன் ட குன்ஹா தீவுக்கூட்டத்தில், இன்அக்சசிபிள் என்ற சின்னத் தீவில் ஒரு கானாங்கோழி இனம் வாழ்கிறது. இன்று உலகில் உள்ள பறக்க முடியாத பறவைகளில் ஆகச் சிறியது. 2018-ல் வெளியான மரபணு ஆய்வு, அதன் மூதாதை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவிலிருந்து பறந்து வந்ததாகக் கணித்தது. என்றைக்கோ வழி மாறி இறங்கிய சில பறவைகள் அங்கேயே பெருகிப் புது இனமாகி, சிறகையே கைவிட்டுவிட்டன.

புள்ளிக் கானாங்கோழியைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர்தான் காலம். நீர் இறங்கி, நாணலுக்கும் நீருக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்குச் சேறு தெரிய வேண்டும். விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், அந்தச் சேற்றுப் பட்டையின் மேல் பைனாகுலரை வைத்துவிட்டு எடுக்காமல் இருக்க வேண்டும். முதலில் நாணல் தண்டு ஒன்று அசையும். பிறகு அடிப்பக்கம் சிவந்த ஒரு மஞ்சள் அலகு. பிறகு உடம்பு: கரும்பழுப்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், விலாவில் வரிகள், வாலை நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் கீழே தெரியும் வெளிர் மஞ்சள். இரண்டடி நடக்கும், ஒரு நத்தையை எடுக்கும், நாணலுக்குள் போய்விடும். பத்து நிமிடம் கழித்து வேறு இடைவெளியில் வரும். குரலை ஒலிபரப்பி இதை வெளியே இழுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த இடத்தில், இல்லாத ஒரு எதிரியைத் தேடி அதை அலையவிடுவது நியாயமில்லை.

வாத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்துப் பெண்ணைப் போலவே பழுப்பாக நிற்கும். பறக்கும் இறகுகள் மொத்தமும் ஒரே சமயத்தில் உதிர்வதால் சில வாரம் பறக்கவும் முடியாது. அலகின் வடிவம், தலையின் உருவம், சிறகில் உள்ள வண்ணப் பட்டை, இவற்றை வைத்துத்தான் ஊசிவால் எது, நீலச்சிறகி எது என்று பிரிக்க வேண்டும். அபூர்வ வாத்து ஒன்று வந்தால் உடனே எழும் கேள்வி, இது காட்டுப்பறவையா, யாரோ வளர்த்துத் தப்பியதா என்பது. 2005 நவம்பரில் டென்மார்க்கில் சுடப்பட்ட பைக்கால் கிளுவை என்ற ஓர் இளம் வாத்துக்கு அந்தக் கேள்வியை இறகு வைத்தே தீர்த்தார்கள். குஞ்சாக இருந்தபோது முளைத்த இறகுகளில் உள்ள ஐசோடோப் விகிதம் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம், இடத்துக்கு இடம் மாறும்) சைபீரியாவோடு பொருந்தியது. குடித்த நீரின் தடம் இறகில் அப்படியே இருந்திருக்கிறது.

இப்போது அந்த ‘வழி தவறிய’ விஷயத்துக்குத் திரும்புகிறேன். உண்ணிக்கொக்கு இன்று அமெரிக்கக் கண்டங்கள் முழுக்கச் சாதாரணம். 1877 வாக்கில், ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டிய சில பறவைகள் கயானா, சூரிநாம் எல்லைப் பக்கம் முதலில் பதிவாயின. 1953-ல் ஃபுளோரிடாவில் கூடு கட்டின. அப்புறம் நிற்கவே இல்லை. அரிவாள் மூக்கன் இனத்தில் பளபளப்பான கரும்பழுப்பு நிறமுள்ளது, ஸ்பெயினின் டோனியானா சதுப்பில் 1996-ல் மறுபடி கூடு கட்ட ஆரம்பித்தது. அங்கே கூட்டம் பெருகப் பெருக, கூட்டை விட்ட இளசுகள் இலையுதிர் காலத்தில் நாலா பக்கமும் சிதறின. டோனியானாவில் காலில் வளையம் மாட்டிய பறவைகளைப் பிரிட்டனில் ஸ்கோப் வழியாகப் படித்தார்கள். 2022-ல் அந்த இனம் பிரிட்டனிலேயே கூடு கட்டி முதன்முறையாகக் குஞ்சு பொரித்தது. கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன் இவற்றின் இளசுகள் வலசைக்கு முன்பு இப்படி எல்லாத் திசையிலும் அலைவது வழக்கம். அதில் பெரும்பாலானவை திரும்பிவிடும், சில செத்துப்போகும், ஒன்றிரண்டு புது இடம் கண்டுபிடிக்கும். எது எந்த ரகம் என்று அந்தச் செப்டம்பரில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஒற்றைப் பறவையாக இருந்தாலும் தேதி, இடம், வயது எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் நடக்கச் சேறு வேண்டும். சின்ன உள்ளான்களுக்குக் கணுக்கால் நனையும் நீர் போதும். அதற்கு மேல் ஆழம் போனால் அவற்றால் மேய முடியாது. ஆழமாகத் தூர்வாரி, கரையைச் செங்குத்தாகக் கல்வைத்துக் கட்டிய ஏரி பார்க்கச் சுத்தமாக இருக்கும். உள்ளானுக்கு அதில் கால் வைக்க இடமிருக்காது. ‘வெறும் சேறு’ என்று தள்ளும் அந்த ஓரத்தில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? மேற்கத்திய உள்ளான் என்ற வட அமெரிக்கப் பறவை, சேற்றின் மேல் படரும் நுண்பாசிப் படலத்தையே மயிர் போன்ற முனையுள்ள நாக்கால் வழித்துத் தின்கிறது. செந்நாட் உள்ளான் அலகு நுனியை ஈர மணலில் குத்தும்போது எழும் அழுத்த மாறுதலை வைத்தே, தொடாமல், உள்ளே புதைந்திருக்கும் சிப்பியை உணர்ந்துவிடும்.

அந்தச் சேறு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலில், ஓதம் (கடல்நீர் ஏற்ற இறக்கம்) இறங்கும்போது வெளிப்படும் ஓதச் சமவெளிகளில் அரை நூற்றாண்டுக்குள் 65 விழுக்காடு வரை இல்லாமல் போனதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். தென் கொரியாவின் சேமங்கும் பகுதியில் 33 கி.மீ. நீளக் கடற்சுவர் 2006-ல் மூடப்பட்டது. அங்கே இறங்கிக் கொழுப்பேற்றிப் போன உள்ளான்களுக்குப் பிறகு போக்கிடம் இல்லை. நல்ல செய்தியும் உண்டு: சீனாவின் மஞ்சள் கடல் கரைகள் 2019-லும், கொரியாவின் ஓதச் சமவெளிகள் 2021-லும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மெல்லலகுக் கோட்டானுக்கு எதுவும் நேரத்துக்கு வரவில்லை. நீண்டு வளைந்த மெல்லிய அலகும், விலாவில் இதய வடிவப் புள்ளிகளும் கொண்ட கரைப்பறவை. சைபீரியாவின் ஓம்ஸ்க் பகுதியில் தாரா என்ற ஊரருகே 1909 முதல் 1925 வரை உஷாகோவ் என்பவர் கண்ட கூடுகளைத் தவிர வேறு கூடுகள் உறுதியாகப் பதிவாகவே இல்லை. சந்தேகமில்லாத கடைசிப் பதிவு 1995 பிப்ரவரியில், மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா கழிமுகத்தில். 2025 அக்டோபரில் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை அற்றுப்போன இனமாக அறிவித்தது. ஒரு காலத்தில் தெற்கு ஐரோப்பாவில் கூட்டமாக வந்துபோன பறவை அது. வழக்கமான பறவையாக இருந்து, அபூர்வமாகி, வதந்தியாகி, பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது.

2024 அக்டோபரில் ஐயுசிஎன் 16 கரைப்பறவை இனங்களை அதிக ஆபத்துள்ள பிரிவுகளுக்கு மாற்றியது. சாம்பல் உப்புக்கொத்தியும் நான் மேலே வர்ணித்த வளைமூக்கு உள்ளானும் ‘அழிவுக்கு இலக்கானவை’ பிரிவுக்கு வந்துவிட்டன. கல்திருப்பி உள்ளானும் அச்சுறு நிலையை நெருங்கியவற்றில் ஒன்று. சேற்றில் எப்போதும் இருக்கும் என்று நாம் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற பறவைகள் இவை. அதனால் அபூர்வப் பறவை ஒன்று வந்தால் எல்லோரும் ஓடிவந்து அதை மட்டும் படமெடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் நூறு சாதாரண உள்ளான்களை ஏறிட்டும் பார்க்காமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்தப் பருவத்தில் நீர்நிலைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பறவை தலையைத் தூக்கி அசையாமல் பார்த்தாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஓதம் ஏறிய நேரத்தில் கூட்டமாக ஒண்டி நிற்கும் பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். அந்த ஓய்வும் பயணத்தின் பகுதிதான். காலில் வண்ண வளையமோ கொடியோ இருந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால் என்று குறியுங்கள். கிழக்கு ஆசிய வலசைப் பாதையில் ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, வெள்ளை என்றால் நியூசிலாந்து என்று இடத்துக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். 2002-ல் தொடங்கிய, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்திலோ உங்கள் நோட்டிலோ பதியும்போது, வந்த அபூர்வத்தோடு நிறுத்தாமல் கொசு உள்ளான் எத்தனை, வளைமூக்கு உள்ளான் எத்தனை, பவளக்கால் உள்ளான் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். முடிந்தால் அதில் இளசு எத்தனை, வளர்ந்தது எத்தனை என்றும் பிரியுங்கள். செப்டம்பரில் இறகு விளிம்பைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். நவம்பருக்குள் முதுகு இறகு மாறி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்புறம் பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.